அழியாப் புளோரின் சேர்மங்களும் சட்டக் கட்டுப்பாடும்

எண்ணெய் ஊறாத உணவுத்தாள், மாவு ஒட்டாத தோசைக்கல், நீர் புகாத மழைக்கோட்டு, கறை படியாத கம்பளம் ஆகிய நுகர்பொருள்கள் பலவற்றின் தனித்தன்மைக்குக் காரணம் பி.எஃப்.ஏ.எஸ். என வழங்கும் புளோரின் சேர்மங்களாகும். இக்குடும்பத்தில் ஆயிரக்கணக்கான சேர்மங்கள் உள்ளன. 1938இல் அமெரிக்க வேதியியலர் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த டெஃப்லானும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

பயனும் தீங்கும்

கார்பனும் புளோரினும் இணையும் பிணைப்பு மிக வலியது. வெப்பமோ நுண்ணுயிர்களோ அதனை எளிதில் முறிப்பதில்லை. பொருளுக்குப் பயன் தரும் இவ்வுறுதியே சுற்றுச்சூழலுக்குச் சுமையாகிறது. ஆலைக் கழிவிலிருந்தும் குப்பைமேட்டிலிருந்தும் நிலத்தடி நீரில் கலக்கும் இச்சேர்மங்கள், நீரைக் கொதிக்க வைப்பதால் நீங்குவதில்லை. இவற்றுள் பி.எஃப்.ஓ.ஏ. மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் வகைப்படுத்தியது.

ஒவ்வொன்றாகத் தடுக்கும் முறை

ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியல்களில் 2009இல் பி.எஃப்.ஓ.எஸ்., 2019இல் பி.எஃப்.ஓ.ஏ., 2022இல் பி.எஃப்.எச்.எக்ஸ்.எஸ். ஆகியவை சேர்க்கப்பட்டன. அதாவது, பதின்மூன்று ஆண்டுகளில் மூன்று வகைகளே இடம்பெற்றன. இம்முறையில் மற்றொரு குறையும் உண்டு. பி.எஃப்.ஓ.ஏ.வுக்கு மாற்றாக வந்த ஜென்எக்ஸ், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் கேப் ஃபியர் ஆற்று நீரில் கலந்திருப்பது 2017இல் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் அதனையும் மிகுந்த கவலைக்குரிய பொருளாக அறிவித்தது. ஒன்றைத் தடுத்த இடத்தில் அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொன்று புகுந்துவிட்டது.

குழுவாகத் தடுக்கும் முறை

எனவே, முழு இனத்தையும் கட்டுப்படுத்தி, தவிர்க்க இயலாத பயன்பாடுகளுக்கு மட்டும் விலக்களிக்கும் கொள்கை உருவாகியுள்ளது. ஓசோன் படலத்தைக் காக்க ஏற்பட்ட 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழும் இத்தகைய விலக்குமுறை கையாளப்பட்டது. 2023இல் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், சுவீடன், நார்வே ஆகிய ஐந்து நாடுகள் ஐரோப்பாவில் இவ்வினம் முழுவதற்கும் கட்டுப்பாடு கோரின. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் சமையற்கலன், அழகுப்பொருள் உள்ளிட்ட பதினொரு பொருள் வகைகளில் 2025 ஜனவரி முதல் தடை விதித்தது. ஆடைகள், அழகுப்பொருள்கள் ஆகியவற்றுக்கான பிரான்சின் தடை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சமையற்கலன்களுக்கு அந்நாடு விலக்களித்தது.

செலவு யாருடையது?

பொருளியல் நோக்கில், இப்பொருள்களின் விலையில் நீரைத் தூய்மைப்படுத்தும் செலவு அடங்குவதில்லை. அது பொதுமக்கள்மீது விழுகிறது. குடிநீரில் பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். ஒவ்வொன்றும் லிட்டருக்கு 4 நானோகிராமுக்கு மிகலாகாது என 2024இல் அமெரிக்கா விதித்தது. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. குடிநீர் வழங்கும் அமைப்புகள் தொடுத்த வழக்குகளில், குறைந்தது 1,030 கோடி டாலர் வழங்க 3எம் நிறுவனம் 2023இல் இசைந்தது.

இந்தியாவின் நிலை

இந்தியா 2006இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை ஏற்றது. எனினும், பட்டியலில் புதிதாகச் சேரும் பொருள்கள் இந்தியா தனியே ஏற்பளித்த பின்னரே நம்மைக் கட்டுப்படுத்தும். 2020இல் மத்திய அமைச்சரவை ஏற்ற ஏழு வேதிப்பொருள்களில் புளோரின் சேர்மம் எதுவும் இல்லை. உணவைத் தொடும் பொதிபொருள்களில் இவ்வினத்தைத் தடுக்கும் வரைவு விதியை உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025இல் வெளியிட்டது. இது குழுவாகத் தடுக்கும் முறையைச் சார்ந்தது.

சிற்றூர்களுக்குக் குழாய்வழிக் குடிநீர் வழங்கப் பெருமுதலீடு செய்துவரும் நாடு, அந்நீரின் மூலங்கள் மாசுறுமுன் காப்பதே சிக்கனமாகும். ஆடை ஏற்றுமதியாளரும் அயல்நாட்டுத் தடைகளுக்கேற்பத் தங்கள் முறைகளை மாற்றியாக வேண்டும். நீர்மூலங்களை முறையாகச் சோதித்தல், பொருளில் சேர்ந்துள்ள வேதிப்பொருள்களை உற்பத்தியாளர் அறிவித்தல், எளிதில் மாற்றுக் கிடைக்கும் பொருள்களில் முதலில் தடை விதித்தல் ஆகிய மூன்றும் இதற்கான தொடக்கப் படிகளாகும்.