கத்திரி வெயிலில் கேம் திணறுகிறதா? கார்டை மாற்றும் முன் பெட்டியைத் திறங்கள்

மே 4-ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். பள்ளி, கல்லூரி விடுமுறையும் அதே நாட்களில்தான். மார்ச் மாதம் வரை குறையில்லாமல் ஓடிய கேமிங் கம்ப்யூட்டர் இப்போது திடீரென்று திணறுகிறது என்ற புலம்பல் பல வீடுகளில் கேட்கும். ஆட்டம் தொடங்கும்போது 100 ஃபிரேம் காட்டுகிறது. கால் மணி நேரத்தில் 45-க்கு இறங்குகிறது. பிறகு ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கிறது. உடனே கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று முடிவுகட்டி, புதுக் கார்டுக்கு விலை விசாரிக்கப் போகாதீர்கள். இந்தப் பருவத்தில் வரும் இந்தக் கோளாறுக்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும் சில நூறு ரூபாயும் இருந்தால் சரிசெய்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு தெளிவு. 'லேக் அடிக்குது' என்ற ஒரே பேச்சில் இரண்டு தொல்லைகளைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். எதிராளி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவுகிறான், சுட்ட குண்டு தாமதமாகப் படுகிறது, ஆனால் திரை வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்றால் அது இணையத்தின் குறை. பிங் எண்ணைப் பாருங்கள். திரையே தட்டுத் தடுமாறினால்தான் ஃபிரேம் டிராப். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு படத்தையும் வரைய 16.7 மில்லி நொடிதான் அவகாசம். 144 என்றால் 7 மில்லி நொடிகூட இல்லை. நடுவில் ஒரே ஒரு படம் 50 மில்லி நொடி எடுத்துக்கொண்டாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சூடு எப்படி வேகத்தைக் குறைக்கிறது? சிப் எதுவும் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்க முடியாது. விசிறி செய்வதெல்லாம் சிப்பின் சூட்டை அறைக் காற்றில் இறக்கிவைப்பதுதான். டிசம்பரில் அறை 26 டிகிரி, மே மாதத்தில் 36 டிகிரி என்றால், உள்ளே இருக்கும் பிராசஸரின் சூடும் ஏறத்தாழ அதே 10 டிகிரி கூடிவிடும். குளிர்காலத்தில் 85-இல் நின்றது இப்போது 95-ஐத் தொடும். ரைசன் 7000 வரிசையில் பல பிராசஸர்களுக்கு எல்லை 95 டிகிரி. அண்மைக் கால இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றுக்கு 100. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 40 வரிசைக் கார்டுகளுக்கு 90. எல்லையைத் தொட்டதும் சிப் எரிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சூடு தணிந்தால் மறுபடி வேகம் கூடுகிறது. ஃபிரேம் ஏறி இறங்குவது அதனால்தான்.

ஆகவே இப்போது செய்ய வேண்டிய முதல் வேலை அளப்பது. ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்துவைத்துவிட்டு அரை மணி நேரம் விளையாடுங்கள். ஆட்டத்தின் மேலேயே எண்கள் தெரிய வேண்டுமென்றால் எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போதும், எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். சூடு, வேகம், ஃபிரேம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். சூடு ஏறி ஓர் எண்ணில் முட்டி நிற்கிறது, அதே நேரத்தில் மெகாஹெர்ட்ஸ் சரிகிறது, ஃபிரேமும் கூடவே சரிகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். சூடு 70-இலேயே நிற்க, ஃபிரேம் மட்டும் விழுந்தால் காரணம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சூடுதான் என்று தெரிந்தால், பெட்டியின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு முறை விளையாடிப் பாருங்கள். எண் மளமளவென்று இறங்கினால் பெட்டிக்குள் காற்று போகவில்லை என்று பொருள். போன வருடம் அக்கா மகன், "மாமா, புது கார்டு வாங்கணும்" என்று போனில் சொன்னான். கரூருக்குப் போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் மேசையின் கீழ்த் தட்டில், கதவு வைத்த மரப் பெட்டிக்குள் கேபினெட் உட்கார்ந்திருந்தது. தூசி படியக்கூடாது என்று அக்கா மேலே ஒரு துணியும் போர்த்தியிருந்தார். பின்பக்கம் வெளியேறும் சுடுகாற்று அதே பெட்டிக்குள் சுற்றி, முன்பக்கமாக மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. வெளியே எடுத்து மேசைமேல் வைத்தோம். அன்று சாயங்காலமே பழைய ஃபிரேம் திரும்பிவிட்டது. அந்தக் கார்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பலகையைத் திறந்த பின்னும் சூடு குறையவில்லை என்றால் தூசியும் தெர்மல் பேஸ்ட்டும் மிச்சம். மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தங்கிய மின்சாரமும் இறங்கிவிடும். பெட்டியை மொட்டை மாடிக்கோ திண்ணைக்கோ கொண்டுபோய், மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷும் சின்ன ஏர் ப்ளோயரும் வைத்துத் துடையுங்கள். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்று வேகத்தில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். வீடு துடைக்கும் வேக்குவம் கிளீனர் வேண்டாம். நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்கக்கூடும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரும் வேண்டாம். அந்தக் காற்றோடு தண்ணீர்த் துளியும் வரும். விசிறிகளின் திசையையும் ஒரு முறை பாருங்கள். விசிறியின் நடுவைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ, காற்று அந்தப் பக்கமாகத்தான் வெளியேறும். முன்னால் உள்ளே, பின்னாலும் மேலேயும் வெளியே என்று இருக்க வேண்டும்.

மூன்று நான்கு வருடமாகத் தொடாத கம்ப்யூட்டர் என்றால் பிராசஸர் மேலுள்ள பேஸ்ட் காய்ந்து போயிருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஊர்க் கம்ப்யூட்டர் கடைகளிலும் சின்ன ட்யூப் கிடைக்கிறது. பழையதை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். ரைசன் 5000 வரையிலான ஏ.எம்.4 பிராசஸர் வைத்திருப்பவர்கள் கவனம்: கூலரை நேராக மேலே இழுத்தால் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும். பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின் கூலரை இடம் வலமாகத் திருகித் தளர்த்தி எடுங்கள். கை நடுங்கினால் சர்வீஸ்காரரிடம் கொடுத்துவிடுங்கள், தவறில்லை. கிராபிக்ஸ் கார்டைப் பிரிக்கும் வேலையை, உத்தரவாதக் காலம் முடியாதவரை, நீங்கள் செய்யவே வேண்டாம்.

அறையையும் கணக்கில் சேருங்கள். 400 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் அந்த மின்சாரம் முழுவதையும் சூடாகவே வெளியே விடுகிறது. ஜன்னலைச் சாத்திய சின்ன அறையில் இரண்டு மணி நேரம் விளையாடுவது, அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குச் சமம். வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி என்று 40 டிகிரி தாண்டிய ஊர்ப் பட்டியல் செய்தியில் வரும் நாட்களில் பிற்பகல் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, ராத்திரி ஜன்னலைத் திறந்துவைத்து விளையாடுங்கள். ஏ.சி. இல்லாத வீட்டில் இன்னொரு வழி உண்டு: ஃபிரேமுக்கு வரம்பு வைப்பது. உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் 140 ஃபிரேம் வரைந்து பயனில்லை, 60-இல் கட்டிப்போடுங்கள். ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 85 சதவீதத்துக்கு இறக்கினாலும் சூடு நன்றாகக் குறையும். ஃபிரேம் அந்த அளவுக்குக் குறையாது. சீராக ஓடும் 60 ஃபிரேம், 100-க்கும் 45-க்கும் இடையே ஆடும் ஃபிரேமைவிட விளையாட எவ்வளவோ மேல்.

லேப்டாப் என்றால் மெத்தைமேல் வைக்காதீர்கள்; காற்றை இழுக்கும் வாய் அடியில்தான் இருக்கிறது. பின்பக்கம் இரண்டு புத்தகம் வைத்து உயர்த்தினாலே வித்தியாசம் தெரியும். அதோடு வந்த சார்ஜரைச் செருகியே விளையாடுங்கள். பேட்டரியில் ஓடும்போது வேகம் தானாகவே குறையும்.

இனி, சூடு இல்லாதபோது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து விண்டோஸ் அப்டேட்டோ ஆன்டிவைரஸோ பின்னால் ஓடுகிறதா என்று பாருங்கள். கார்டின் மெமரி நிரம்பி வழிந்தால் டெக்ஸ்சரை ஒரு படி குறையுங்கள். டிரைவர் மாற்றிய முதல் நாளில் மட்டும் வரும் திக்கல் ஷேடர்கள் மறுபடி உருவாவதால் வருவது. ஓரிரு ஆட்டத்தில் போய்விடும். போகவில்லை என்றால் பழைய டிரைவருக்கே திரும்புங்கள். 2025 அக்டோபரில் விண்டோஸ் 11-க்கு வந்த கே.பி.5066835 அப்டேட்டுக்குப் பிறகு சில கேம்கள் மெதுவாக ஓடின, என்விடியா 581.94 என்ற அவசரத் திருத்த டிரைவரை வெளியிட்டது. பையாஸை ரீசெட் செய்த பிறகு வேகம் குறைந்திருந்தால் ரேமின் எக்ஸ்.எம்.பி. அணைந்திருக்கும்; மறுபடி இயக்குங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால், அப்போது கார்டைக் கழற்றி நண்பரின் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் திணறினால்தான் குறை கார்டில். வீட்டில் பணம் கேட்பதை அதுவரை தள்ளிவையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் தூசியைத் தட்டுங்கள்.