கூண்டுச் சக்கரம் உடைந்தால்: கம்பி வெல்டிங் மெஷினைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்

சேடை ஓட்டும் நாட்களில் டிராக்டரின் கூண்டுச் சக்கரத்தில் ஒரு பட்டை விட்டுப்போனால் அன்றைய உழவு நின்றுவிடும். தாம்பரத்தை அடுத்த படப்பை, மணிமங்கலம், மண்ணிவாக்கம் பகுதிகளில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல் பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு, நாற்று முற்றுவதற்குள் நடவை முடிப்பது அவசியம். ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் வெல்டிங் பட்டறைகள் இருந்தாலும், சக்கரத்தைக் கழற்றி, வண்டியில் ஏற்றிச் சென்று, முறை வரும்வரை காத்திருந்தால் ஒரு நாள் போய்விடும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சிறிய கம்பி வெல்டிங் மெஷின் வாங்கி வைத்துக்கொள்வது இதற்கு ஒரு வழியாகும். (கூண்டுச் சக்கரத்துடன் தார்ச் சாலையில் ஓட்டுவதை நிறுத்தினாலே பாதி உடைப்பு குறையும். சாலையும் பிழைக்கும்.)

ராடு வெல்டிங்கில் குச்சி தீரத்தீர மாற்ற வேண்டும். இதில் மெல்லிய கம்பி சுருளிலிருந்து தானாகவே டார்ச்சுக்கு வந்துகொண்டிருக்கும். 1948-ல் அமெரிக்காவில் தோன்றிய இம்முறை, 1950-களில் மலிவான கரியமில வாயுவை இரும்பு வேலைக்குப் பயன்படுத்தத் தொடங்கியபின் பட்டறைகளுக்குப் பரவியது. அதனால்தான் இன்றும் பலர் இதை சி.ஓ.டூ. வெல்டிங் என்கின்றனர். கை பழகுவது எளிது. ஆனால் புதியவர்கள் ஏமாறுவதும் இதில்தான். மேலே அழகாகப் படிந்த பற்று, உள்ளே இரும்போடு உருகிச் சேராமல் இருக்கக்கூடும்.

எந்தக் கம்பி?

செம்பு பூசிய கெட்டிக் கம்பிக்கு வாயு சிலிண்டர் தேவை. உள்ளே பொடி நிரப்பிய, வாயு வேண்டாத கம்பியும் கிடைக்கிறது. வாயு முறையில் சிறு காற்று அடித்தாலும் உருகிய இரும்பைக் காக்கும் வாயு கலைந்துபோகும். தென்சென்னைப் புறநகரில் கோடைக் காலத்தில் நண்பகல் வாக்கில் கடற்காற்று புகுந்துவிடுகிறது. எனவே களத்திலும் வரப்போரத்திலும் வேலை செய்வோருக்குப் பொடிக் கம்பியே ஏற்றது. புகையும் தெறிப்பும் கூடுதல், கசடைத் தட்டி எடுக்கவும் வேண்டும். ஆனால் சிலிண்டர் நிரப்ப அலைய வேண்டியதில்லை. வாயு வைத்திருப்போர் காற்று எழும் முன் காலையிலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம்.

கம்பியை மாற்றினால் முனையையும் மாற்ற வேண்டும். வாயுவுடன் கெட்டிக் கம்பி ஓட்டும்போது டார்ச்சு பிளஸ் முனையிலும், எர்த்து மைனஸ் முனையிலும் இருக்கும். வாயு வேண்டாத பொடிக் கம்பிக்கு இது நேர் எதிர். டார்ச்சு மைனஸில், எர்த்து பிளஸில். முனை மாறியிருந்தால் எந்தத் திருகைத் திருப்பினாலும் தெறிப்பு அடங்காது, பற்று மேலேயே குவிந்து நிற்கும்.

பொருத்தும் முறை

கம்பியைத் தள்ளும் உருளையில் கெட்டிக் கம்பிக்கு வழவழப்பான பள்ளமும், பொடிக் கம்பிக்குச் சொரசொரப்பான பள்ளமும் வேண்டும். பள்ளத்தின் அளவு, கம்பியின் அளவு, டார்ச்சு நுனியிலுள்ள செப்பு டிப்பின் அளவு மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். 0.8 மில்லிமீட்டர் கம்பி என்றால் டிப்பும் 0.8. உருளையின் இறுக்கத்தைச் சோதிக்க, டார்ச்சிலிருந்து வரும் கம்பியை ஓர் உலர்ந்த மரக்கட்டையில் முட்டவிட வேண்டும். கம்பி வளைந்து சுருண்டு வெளிவந்தால் இறுக்கம் சரி. உருளை வழுக்கினால் சிறிது இறுக்கலாம். அளவுக்கு மேல் இறுக்கினால் பொடிக் கம்பி நசுங்கிப்போகும்.

எர்த்து கவ்வியை வண்ணத்தின் மேலோ துருவின் மேலோ மாட்டுவது வீண். கிரைண்டரால் தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில், பற்றுக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். சக்கரத்தைக் கழற்றாமல் வேலை செய்வதாயின் டிராக்டர் பேட்டரியின் எர்த்து ஒயரைக் கழற்றிவிடுவது கட்டாயம். எர்த்து கவ்வி தொலைவில் இருந்தால் மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்து அதைக் கெடுக்கும்.

சிறிய மெஷினுக்கு வீட்டு இணைப்பிலுள்ள 16 ஆம்பியர் பிளக்கு தேவை. இலவச மின்சாரம் வரும் பம்புசெட் இணைப்பில் மாட்டக் கூடாது, அது விதிமீறல். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டியபடியே பயன்படுத்தினால் ஒயர் சூடேறும்.

கோளாறு கண்டால்

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மதகிலிருந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே வருவது வழக்கம். இங்கும் அதே முறைதான். சுருள், உருளை, டார்ச்சுக் குழாய், டிப்பு, பற்றும் இடம், எர்த்து என்று கம்பியும் மின்சாரமும் போகும் வழியைப் பார்த்த பிறகே வோல்ட்டேஜ் திருகில் கை வைக்க வேண்டும்.

உருளை அருகே கம்பி தூக்கணாங்குருவிக் கூடுபோல் சிக்கினால் முன்னே ஏதோ அடைபட்டிருக்கிறது. டிப்பு அடைப்பு, குழாய் மடிப்பு, குழாயின் உள்ளே தூசி ஆகியவற்றைப் பார்க்கவும். கம்பி டிப்போடு ஒட்டி எரிந்துபோனால் கம்பி மெதுவாக வருகிறது, அல்லது டார்ச்சை மிக நெருக்கிப் பிடிக்கிறார்கள் என்று பொருள். மாறாக, கம்பி இரும்பில் முட்டி டார்ச்சைப் பின்னே தள்ளினால் கம்பி வேகம் அதிகம், அல்லது வோல்ட்டேஜ் குறைவு. ஆப்பத்தின் கண்கள்போல் பற்றில் துளைகள் விழுந்தால் துரு, எண்ணெய், ஈரம், காற்று இவற்றில் ஒன்று காரணம். வாயு முறையில் ஓட்டம் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் இருக்கிறதா என்றும் பார்க்கவும். எல்லாம் சரியாக அமைந்தால் கெட்டிக் கம்பி எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல் சீராகப் படபடக்கும்.

பொடிக் கம்பியில் டார்ச்சைத் தள்ளக் கூடாது, இழுத்துச் செல்ல வேண்டும். தள்ளினால் கசடு உள்ளே சிக்கிக்கொள்ளும். 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பட்டைக்கு ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்து, கசடைத் தட்டி, இரண்டு முறை போட வேண்டும்.

சக்கரத்தில் போடும் முன், அதே கனமுள்ள இரண்டு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, வைஸில் இறுக்கிச் சம்மட்டியால் மடக்கிப் பார்க்க வேண்டும். பற்று அப்படியே உரிந்து வந்து, அடியில் தேய்த்த இரும்பு மாறாமல் தெரிந்தால் ஒட்டவில்லை. கம்பி வேகத்தையும் வோல்ட்டேஜையும் கூட்டி மறுபடி சோதிக்கவும். இச்சோதனையில் தேறாத கை சக்கரத்தைத் தொட வேண்டாம்.

எதில் கூடாது?

கூண்டுச் சக்கரம் சாதாரண மென்னிரும்பு, பற்றும். ரோட்டவேட்டர் கத்தியும் கொழுவும் கடின எஃகு. பற்றவைத்த இடத்தை ஒட்டி வெடித்து முறியும், மாற்றுவதே முறை. டிரெய்லரின் இழுவைக் கொக்கியைப் புதியவர்கள் தொடவே கூடாது. ஏற்றிய டிரெய்லர் சாலையில் கழன்றால் பின்னால் வருவோரின் உயிர் போகும். டீசல் பீப்பாய், பூச்சிமருந்து டிரம் காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி நிற்கும். நெருப்புப் பட்டால் வெடிக்கும். ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து நீக்காமல் பற்றவைத்தால் அப்புகை அன்றிரவே குளிர்காய்ச்சல் தரும்.

முகத்திரைக் கண்ணாடி 10 அல்லது 11 எண் இருக்கட்டும். பருத்தி முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, மூடிய செருப்பு அவசியம். ஈரத் தரையிலும் சேற்றுக் காலுடனும் வேலை கூடாது. வைக்கோல் போர் அருகே வேண்டவே வேண்டாம். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். முடிந்தபின் அரை மணி நேரம் அங்கேயே நின்று கவனிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் கம்பிச் சுருளை மெஷினிலிருந்து கழற்றி, இறுக மூடும் டப்பாவில் வைக்கலாம். துருவேறிய கம்பி டார்ச்சுக் குழாயையே கெடுத்துவிடும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை மறக்க முடியாது. மெஷினைத் தரையில் வைக்காமல் பரண்மேல் ஏற்றிவைப்பது நல்லது. அப்படியும் நனைந்துவிட்டால், வெளியே உலர்ந்தது தெரிந்தாலும் பிளக்கைச் செருகாமல், மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்து காயவைத்த பிறகே ஓட்ட வேண்டும்.