மாதுளையில் பழ வெடிப்பைத் தவிர்ப்பது எப்படி?

மாதுளை பயிரிட்டுள்ள உழவர் பெருமக்கள் பலர், "காய் நன்றாகப் பெருத்து வந்தது, பறிக்கும் தறுவாயில் வெடித்துவிட்டது" என்று வருந்துவது உண்டு. பூத்ததிலிருந்து ஐந்து, ஆறு மாதங்கள் பாடுபட்டுக் காத்த பழம் கடைசிச் சில நாட்களில் வீணாகிறது. வெடித்த பழத்தில் பூசணமும் பூச்சியும் புகுவதால் வியாபாரிகளும் அதை வாங்குவதில்லை. இது பெரும்பாலும் நோயால் வருவதன்று. மண்ணின் ஈரம் சீராக இல்லாமையால் வருவதாகும்.

வெடிப்பது ஏன்?

மாதுளை வறட்சியைத் தாங்கும் மரம். ஆகவே, காய்ப் பருவத்திலும் நீரின்றித் தாங்கும் என்று எண்ணிவிடுகிறோம். மரம் தாங்கும், பழம் தாங்காது. மண் காய்ந்திருக்கும்போது பழத்தோல் விரியும் தன்மையை இழந்து கெட்டிப்படுகிறது. பின்னர் திடீரென மழை பெய்தாலோ, மிகுதியாக நீர் பாய்ச்சினாலோ, உள்ளேயுள்ள முத்துக்கள் விரைந்து பருக்கின்றன. தோல் ஈடுகொடுக்க இயலாமல் பிளக்கிறது. போரான் சத்துக் குறைவும் வெடிப்பை மிகுதியாக்கும்.

தடுக்கும் முறைகள்

1. காய் பிடித்தது முதல் அறுவடை வரை, குறைந்த அளவு நீரைக் குறுகிய இடைவெளியில் பாய்ச்சுங்கள். சொட்டுநீர்ப் பாசனம் இதற்கு மிகவும் ஏற்றது.

2. மரத்தடியில் ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் நீர் தேவை என்று அறியலாம்.

3. நிலம் ஏற்கெனவே காய்ந்துவிட்டதா? ஒரே நாளில் நிறையப் பாய்ச்ச வேண்டாம். சிறிது சிறிதாக நனையுங்கள்.

4. கரும்புச் சோகை, காய்ந்த இலைதழைகளைக் கொண்டு மரத்தடியில் மூடாக்கு இடுங்கள். அடிமரத்தை ஒட்டி இட வேண்டாம்.

5. மண் பரிசோதனையில் போரான் குறைவு எனத் தெரிந்தால் மட்டும், 10 லிட்டர் நீருக்கு 20 கிராம் வெண்காரம் கரைத்து (0.2 சதம்) தெளிக்கலாம்.

6. மழைக்கு முன் முதிர்ந்த பழங்களைப் பறித்துவிடுங்கள். பிஞ்சாகப் பறித்தவை பின்னர் பழுக்கா.

வெடித்த பழங்களை என்ன செய்வது?

அன்றன்றே பறித்துத் தரம் பிரியுங்கள். பூசணம் படாத முத்துக்களை உடனே சாறு பிழிந்து வீட்டில் பயன்படுத்தலாம். துவர்ப்பு மிகுந்த தோல் சாயமேற்றப் பயன்படும். அழுகியவற்றைத் தோட்டத்தில் விடாமல் குழியிலிட்டு மூடுங்கள்.

மழையை நம்மால் நிறுத்த இயலாது. ஆனால், அது வரும் நாளில் மாதுளையின் வேர் வறண்டு கிடக்காதபடி பார்த்துக்கொள்ள நம்மால் இயலும்.