வியாபாரப் பாடம்: முடியாததை முன்கூட்டியே சொல்லுங்கள்

வியாபாரத்தில் "முடியும்" என்று சொல்வது இலகு. "முடியாது" என்று சொல்வதுதான் கஷ்டம். அப்படிச் சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவாரோ என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தால் நான் இழந்ததையும், வியட்நாமின் மலைநாட்டில் மோட்டார் சைக்கிளில் ஆட்களை ஏற்றிச் சென்று பிழைக்கும் ஓர் இளைஞரிடம் ஒரே நாளில் படித்ததையும் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

நான் செய்த பிழை

கண்டியில் நான் மொத்தத் துணி வியாபாரம் செய்கிறேன். வெலிமடைப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார் 12 வருடங்களாக என்னிடம்தான் பெருநாள் சரக்கு எடுத்தார். ஒரு நாளும் காசு பிந்தியதில்லை. 2017ஆம் ஆண்டு நோன்புக்கு இரண்டு கிழமைக்கு முன் வழக்கம்போல ஓடர் தந்தார். நான் எதிர்பார்த்திருந்த சரக்கு அப்போது துறைமுகத்திலிருந்து வெளியே வரவில்லை. எப்போது வரும் என்பதும் எனக்குத் தெரியாது. ஆனாலும், "இன்ஷா அல்லாஹ், பத்தாம் நோன்புக்கு முன் அனுப்புகிறேன்" என்றேன். அல்லாஹ்வை நாடிச் சொல்லும் அந்த வார்த்தையை என் பயத்துக்கு மறைப்பாக்கினேன் என்பதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன்.

சரக்கு போய்ச் சேர்ந்தது இருபத்தாறாம் நோன்பில். அதற்குள் அவருடைய ஊர் மக்கள் பதுளையிலும் பண்டாரவளையிலும் உடுப்பு எடுத்து முடித்துவிட்டார்கள். ஹாஜியார் என்னை ஏசவில்லை. முழுக் காசையும் தவணைப்படி கட்டினார். அதன் பிறகு என் கடைக்கு வரவில்லை. நான் போன் பண்ணினால் எடுப்பதும் இல்லை.

ஏன் இப்படிச் செய்தார், ஒரு தடவைதானே பிந்தியது என்று ஒரு வருடத்துக்கு மேலாக மனதுக்குள் அவரையே குறை கூறிக் கொண்டிருந்தேன்.

சாப்பாவில் ஒரு தாள்

2018 செப்டம்பரில் நானும் வியாபாரத்தில் என் பங்காளியான மச்சானும் ஹனோய்க்கு அருகே இருக்கும் நின் ஹியெப் துணிச் சந்தையைப் பார்க்கப் போனோம். வேலை முடிந்து இரண்டு நாட்கள் மிச்சமாக இருந்தன. வடக்கே மலைநாட்டில் சாப்பா என்று ஓர் ஊர் இருக்கிறது, பார்க்காமல் போகாதீர்கள் என்றார்கள். ஹனோயிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். 2014இல் அதிவேகப் பாதை திறந்த பிறகு பஸ்ஸில் ஐந்தாறு மணித்தியாலத்தில் போய்விடலாம்.

சாப்பா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமது நுவரெலியாவைப் போல் குளிர். எதிரே வியட்நாமின் மிக உயரமான மலையான பன்சிபான், 3,147 மீற்றர். சீன எல்லை பக்கத்திலேயே.

தங்கிய இடத்தில் ஒரு வழிகாட்டியை அறிமுகப்படுத்தினார்கள். ஹ்மொங் இனத்தைச் சேர்ந்த இளைஞர். தன்னிடம் ஒரு ஹொண்டா வேவ், தன் சொந்தக்காரத் தம்பியிடம் இன்னொன்று. நாங்களே ஓட்டுகிறோம், சைக்கிளை மட்டும் தாருங்கள் என்று மச்சான் கேட்டார். அவர் எங்கள் லைசனைப் பார்த்தார். இது மட்டும் இந்த நாட்டில் செல்லாது, பின்னால் ஏறிக்கொள்ள விருப்பமென்றால் வாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். வந்த வியாபாரத்தில் பாதியைத் தானே வேண்டாம் என்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம்.

பிறகு ஒரு தாளை எடுத்து எழுதினார். ஓர் ஆளுக்கு 7 இலட்சம் டொங். அன்றைய கணக்கில் ஏறத்தாழ 30 டொலர், நமது காசில் 5,000 ரூபா மட்டில். அதை இரண்டாகப் பிரித்திருந்தார். காலையில் பள்ளத்தாக்குக் கிராமங்கள், பகல் சாப்பாடு, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து 5 இலட்சம். பின்னேரம் ஓ குய் ஹோ கணவாய்க்குப் போய் வர 2 இலட்சம். அடியில் ஒரு வரி: கணவாயில் மூடுபனி என்றால் போகமாட்டோம், அந்த 2 இலட்சம் திருப்பித் தரப்படும்.

என்ன சாப்பிடுவீர்கள், என்ன சாப்பிடமாட்டீர்கள் என்றும் கேட்டு எழுதிக் கொண்டார். பன்றிக் கொழுப்பில் சமைப்பது அங்கே சாதாரணம். எங்கள் நிலைமையைச் சொன்னதும், இறைச்சி பற்றி என்னால் உத்தரவாதம் தர முடியாது, முட்டையும் கீரையும் சோயாக் கட்டியும் புதுச் சட்டியில் மரக்கறி எண்ணெயில் செய்யச் சொல்கிறேன் என்றார்.

ஒரே போகம்

மறுநாள் காலை 8 மணிக்குப் புறப்பட்டோம். மூவாங் ஹோவா பள்ளத்தாக்கில் பாதை கீழ்நோக்கி இறங்குகிறது. இரண்டு பக்கமும் மலைச்சரிவு முழுவதும் படிக்கட்டு வயல். ஹங்குராங்கெத்தைப் பக்கம் போய் வந்தவர்களுக்குப் படிக்கட்டு வயல் புதிதல்ல. ஆனால் இங்கே அடிவாரத்திலிருந்து மேகம் தொடும் இடம் வரை வயல்தான். செப்டம்பர் அறுவடை மாதம் என்பதால் எல்லாம் மஞ்சளாக இருந்தது.

லாவோ சாய் கிராமத்தில் சைக்கிளை நிறுத்தி வரம்பில் நடந்தோம். மலையிலிருந்து வரும் ஊற்று நீரை வாய்க்காலாலும் மூங்கில் குழாயாலும் மேல் வயலுக்குக் கொண்டு வருகிறார்கள். மேல் வயல் நிரம்பியதும் வரம்பில் விட்ட வாய் வழியாக அடுத்த வயலுக்கு இறங்கும். இப்படியே அடி வரைக்கும். மேலே ஒருவர் வரம்பைக் கவனிக்காமல் விட்டால் கீழே இருக்கும் வயல்களுக்கும் சேதம் வரும்.

வருடத்தில் எத்தனை போகம் என்று கேட்டேன். ஒன்றுதான் என்றார். நமக்குப் பெரும்போகம், சிறுபோகம் என்று இரண்டு உண்டு. அங்கே குளிர் அதிகம். மே, ஜூனில் நட்டு செப்டம்பர், ஒக்டோபர் தொடக்கத்தில் வெட்டுவது மட்டும்தான். அது தவறினால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் சிலர் காட்டு மரங்களின் கீழே பெரிய கறுப்பு ஏலக்காயும் வளர்க்கிறார்களாம்.

அந்த வரம்பில் நிற்கும்போதுதான் எனக்கு வெலிமடை ஹாஜியாரின் நினைவு வந்தது. அவருக்கும் ஒரே போகம்தான். சிறிய ஊரில் துணிக்கடை வைத்திருப்பவருக்கு நோன்புப் பெருநாள்தான் அறுவடை. மேல் வயலில் இருந்த நான் தண்ணீர் வருகிறது என்று சொல்லி அவரைக் காக்க வைத்தேன். எனக்கு அது ஒரு பிந்திய ஓடர், அவருக்கோ ஒரு வருடம். இது அதுவரை என் புத்திக்கு எட்டவேயில்லை.

நீலச் சாயம்

அதே கிராமத்தில் ஒரு வீட்டு வாசலில் ஒரு தாய் துணிக்குச் சாயமிட்டுக் கொண்டிருந்தார். சணல் வகைச் செடியின் நாரில் நெய்த துணி. தேன்மெழுகால் கோலம் வரைந்து, அவுரி நீலத்தில் பல தடவை தோய்த்துக் காயவைத்து, கடைசியில் மெழுகைக் கொதிநீரில் கரைத்தெடுக்கிறார்கள். அவருடைய கைகள் மணிக்கட்டு வரை நீலம்.

துணிக்காரன் என்பதால் நான் ஒரு துண்டை எடுத்து விலை கேட்டேன். அவர் விலை சொல்வதற்கு முன் வேறொன்றைச் சொன்னார். வழிகாட்டி மொழிபெயர்த்தார்: "இது சாயம் போகும். முதல் சில தடவை தனியாகக் கழுவுங்கள். வெள்ளை உடுப்போடு சேர்த்தால் அது நீலமாகிவிடும்."

குறையை முதலில், விலையைப் பிறகு. பொருளின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்று நாம் மதரசாக் காலத்திலிருந்து கேட்டு வருகிறோம். கேட்ட நான் எத்தனை தடவை சாயம் போகும் துணியைப் பேசாமல் சுற்றிக் கொடுத்திருக்கிறேன் என்று யோசித்தேன். பேரம் பேச மனம் வரவில்லை. கேட்ட விலைக்கே இரண்டு துண்டு எடுத்தேன். காசு முழுவதும் அவர் கைக்கே போனது. இதில் உனக்குக் கொமிஷன் இல்லையா என்று மச்சான் வழிகாட்டியிடம் கேட்டதற்கு, என் கூலி அந்தத் தாளில் இருக்கிறது என்றார்.

மூடுபனி

தா வான் கிராமத்தில் ஸாய் இனத்தவர் ஒருவரின் வீட்டில் பகல் சாப்பாடு. சொன்னபடியே முட்டை, கீரை, சோயாக் கட்டி. புதுச் சட்டியை எங்களுக்குக் காட்டினார்கள். சாப்பிடும்போது மழை தூறத் தொடங்கியது.

வழிகாட்டி போனை எடுத்தார். கணவாயில் முட்டையும் சோளமும் சுட்டு விற்கும் தெரிந்தவரிடம் பேசினார். பேசி முடித்து, "பத்து மீற்றருக்கு அப்பால் தெரியவில்லையாம். நாங்கள் போகமாட்டோம்" என்றார்.

ஓ குய் ஹோ ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரமான கணவாய். வியட்நாமின் மிக உயர்ந்த வீதிக் கணவாய்களில் ஒன்று. சாப்பாப் பக்கம் பனி மூடியிருக்க, மறுபக்கமான லாய் சாவ் பக்கம் வெயிலடிப்பதும் உண்டு. அதைப் பார்க்கத்தான் மச்சான் ஆசையோடு வந்திருந்தார். மறுநாள் நாங்கள் திரும்ப வேண்டும்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். மெதுவாகப் போகலாமே" என்றார் மச்சான். வழிகாட்டி தலையசைத்தார். நான் வியாபாரிதானே, காசைக் கொண்டு பேசினேன். ஆளுக்கு இன்னும் ஓர் இலட்சம் கூடத் தருகிறோம் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து அடி வரியைக் காட்டினார். "இதை நேற்று நீங்கள் வாசித்தீர்கள். நாளைக்கும் இதே பாதையில் நான் ஆட்களைக் கூட்டிப் போக வேண்டும்" என்றார். பிறகு 4 இலட்சம் டொங்கை எண்ணி என் கையில் வைத்தார்.

மாலையில் அறையில் இருந்து கணக்குப் பார்த்தேன். அவருக்கு நட்டமா? இல்லை. கணவாய்க்குப் போகாததால் பெற்றோல் மிச்சம். காலை வேலைக்கான கூலி, சாப்பாட்டுச் செலவு எல்லாம் அந்த 5 இலட்சத்துக்குள் இருக்கிறது. விலையை இரண்டாகப் பிரித்து எழுதியதால்தான் ஒரு பகுதியைக் கைநடுங்காமல் திருப்பித் தர முடிந்தது. ஒரே தொகையாக வாங்கியிருந்தால் எவ்வளவு தருவது என்று சண்டை வந்திருக்கும். அல்லது அந்தச் சண்டைக்குப் பயந்து எங்களைப் பனிக்குள் கூட்டிப் போயிருப்பார். முதல் நாள் எழுதிய ஒரு வரி, மறுநாள் பின்னேரம் "முடியாது" என்று சொல்லும் தைரியத்தை அவருக்குக் கொடுத்தது.

ஊருக்கு வந்த பிறகு

ஊருக்கு வந்த மறு வாரம் வெலிமடைக்குப் பஸ் ஏறினேன். கடையில் ஹாஜியார் இருந்தார். சரக்கு துறைமுகத்தில் நிற்பது தெரிந்துகொண்டே உங்களுக்கு நாள் சொன்னேன், அது என் பிழை என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிந்தினதுக்கு நான் கோபப்படல்ல தம்பி. பிந்தும் என்று சொல்லியிருந்தா நான் வேற இடத்துல பாதியாவது எடுத்திருப்பேனே" என்றார். தேநீர் தந்து அனுப்பினார்.

இன்றும் அவர் பெருநாள் சரக்கை என்னிடம் எடுப்பதில்லை. சேர்ட் துணி மட்டும் எடுக்கிறார். போனை எடுக்கிறார். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையில்லை.

ஆனால் அந்தப் பாடம் வேறிடத்தில் என்னைக் காப்பாற்றியது. 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் கடன் கடிதம் திறக்க முடியாமல் இருந்தபோது, இறக்குமதிச் சரக்குக்கு நாள் சொல்ல முடியாது என்று எல்லா வாடிக்கையாளருக்கும் நேரத்தோடு அறிவித்தேன். வாங்கியிருந்த முற்பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அந்த மாதங்கள் கஷ்டமாகத்தான் போயின. ஆனால் எவரும் போனை எடுக்காமல் விடவில்லை.

2024 செப்டம்பரில் யாகி சூறாவளி வட வியட்நாமைத் தாக்கியது. சாப்பா இருக்கும் அதே லாவோ காய் மாகாணத்தில் லாங் நூ என்ற கிராமத்தை மலையிலிருந்து வந்த மண்ணும் வெள்ளமும் மூடிப் பல உயிர்கள் போயின. செய்தி பார்த்ததும் அந்த இளைஞருக்கு எழுதினேன். குடும்பம் பாதுகாப்பாக இருக்கிறது, பயணங்களை நிறுத்திவிட்டேன், முற்பணம் எல்லாம் திருப்பி அனுப்பியாயிற்று என்று பதில் வந்தது. மழையில் ஏன் போகமாட்டேன் என்றார் என்பது அன்று எங்களுக்கு இன்னும் தெளிவாக விளங்கியது.

இந்த வாரம் செய்து பாருங்கள்

1. ஓடர் எடுக்கும்போது நாளை மட்டும் எழுதாதீர்கள். எந்தக் காரணத்தால் அந்த நாள் தவறக்கூடும், தவறினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள்.

2. விலையைப் பகுதியாகப் பிரியுங்கள். பொருள், தையல், லொறிக் கூலி என்று தனித்தனியாக இருந்தால், செய்ய முடியாத பகுதியைச் சண்டையில்லாமல் திருப்பிக் கொடுக்கலாம்.

3. குறையை விலைக்கு முன் சொல்லுங்கள். சாயம் போகும் என்றால் போகும் என்று சொல்லுங்கள்.

4. உங்கள் வாடிக்கையாளரின் "ஒரே போகம்" எது என்று கேட்டு அறியுங்கள். பெருநாளா, பாடசாலை திறக்கும் காலமா, அறுவடையா? அந்தக் காலத்துக்குரிய ஓடரில் மட்டும் ஊகித்து நாள் சொல்லாதீர்கள்.

5. பிந்தும் என்று தெரிந்த அன்றே போன் பண்ணுங்கள். அவர் வேறிடத்தில் பாதியாவது எடுத்துக் கொள்ளட்டும். பாதி ஓடரை நீங்கள் இழந்தாலும் ஆளை இழக்கமாட்டீர்கள்.

அந்த இளைஞர் எழுதிய தாள் இப்போது என் கடை மேசைக் கண்ணாடியின் கீழே இருக்கிறது. வாடிக்கையாளர் எதிரே இருந்து "கட்டாயம் வருமா?" என்று கேட்கும்போதெல்லாம் நான் முதலில் அதன் அடி வரியைப் பார்க்கிறேன். பிறகுதான் வாய் திறக்கிறேன்.