முத்திரை வைப்பதற்கு முன்: புதிய நோட்டரி வக்கீல்களுக்கு முழுமையான வழிகாட்டி

பத்திரத்தில் சர்வே எண் தப்பாக விழுந்துவிட்டால், டைப் அடித்தவரை யாரும் தேடிப் போவதில்லை. முத்திரையில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வாசலுக்குத்தான் வருவார்கள். கோவில்பட்டி, ஒட்டப்பிடாரம் பக்கம் நோட்டரி தொழிலைத் தொடங்குகிறவர்கள், அப்படி வரும் பழியிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ளும் வழிகள் இவை.

1. எதற்குப் பொறுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு உங்கள் வேலைகளைப் பட்டியலிடுகிறது. ஆவணத்தில் கையெழுத்திட்டவர் இன்னார், இந்த நாளில், என் முன்னால் இட்டார் என்பதற்குத்தான் நீங்கள் சாட்சி. உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்பதற்கு எழுதிக் கொடுத்தவரே பொறுப்பு. இந்தக் கோட்டைத் தாண்டாதவரை பிழை உங்கள் தலையில் விழாது. ஆள் வராமலே முத்திரை வைத்தால் மொத்தப் பழியும் உங்களுக்குத்தான்.

2. ஆளை நேரில் பாருங்கள்

“அப்பாவுக்கு முடியல சார், கையெழுத்து வாங்கியாச்சு, சீல் மட்டும் போடுங்க” என்று மகன் வந்து நின்றால் மறுத்துவிடுங்கள். பெரியவர் பாஞ்சாலங்குறிச்சியில் படுக்கையில் இருந்தால், அந்த ஊர் உங்கள் நோட்டரி சான்றிதழ் எல்லைக்குள் வரும் பட்சத்தில் நீங்களே வீட்டுக்குப் போகலாம். கையெழுத்து வாங்கிய இடத்தைப் பதிவேட்டில் குறியுங்கள்.

அடையாள அட்டையின் அசலைப் பாருங்கள், ஜெராக்ஸ் போதாது. ஒரே ஊரில் ஒரே பெயர், ஒரே இனிஷியலில் நாலு பேர் இருப்பார்கள். தகப்பனார் பெயர், முகவரி, புகைப்படம் மூன்றையும் ஒப்பிடுங்கள்.

3. கைநாட்டு என்றால் வாசித்துக் காட்டுங்கள்

ஆங்கிலத்தில் அடித்த பிரமாணப் பத்திரத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கைநாட்டு வைக்கிறார் என்றால், முழுவதையும் தமிழில் சொல்லுங்கள். “தமிழில் படித்துக் காட்டப்பட்டது, புரிந்ததாகச் சொன்னார்” என்று எழுதி, எந்தக் கைப் பெருவிரல் என்பதையும் குறியுங்கள். உடன் வந்தவர் அல்லாத ஒருவரைச் சாட்சியாக வையுங்கள்.

4. கரிசல் நிலப் பத்திரங்களில் வரும் பிழைகள்

கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

• சர்வே எண்ணும் உட்பிரிவும் சிட்டாவோடு ஒத்துப்போகிறதா?
• பரப்பு ஏக்கர் சென்டிலா, ஹெக்டேர் ஏரிலா? ஒரு ஏக்கர் சுமார் 40.5 ஏர். இரண்டையும் குழப்பினால் நிலம் சுமார் இரண்டரை மடங்காகிவிடும்.
• மாவட்டம் எது? 1986 அக்டோபர் 20-க்கு முந்தைய மூலப்பத்திரத்தில் திருநெல்வேலி என்றிருக்கும். பிறகு சிதம்பரனார் மாவட்டம். 1997 முதல் தூத்துக்குடி.
• ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துகள் பட்டாவிலும் ஆதாரிலும் ஒன்றாக உள்ளதா?

பிழையைச் சுட்டிக் காட்டுங்கள்; நீங்களே திருத்தாதீர்கள். எழுதிக் கொடுப்பவர் திருத்தி, அந்த இடத்தில் கையெழுத்திட வேண்டும். அதன் பக்கத்தில் உங்கள் சுருக்கொப்பம். காலியிடம் இருந்தால் கோடிட்டு அடியுங்கள்.

5. பதிவேடுதான் காப்பு

அமெரிக்காவில் பல மாநிலங்களில் நோட்டரிகள் பிணைப் பத்திரம் கொடுத்துவிட்டுத்தான் தொழில் செய்ய முடியும். நம் சட்டம் அதைக் கேட்பதில்லை, பதிவேட்டைக் கேட்கிறது. 1956-ஆம் ஆண்டு நோட்டரிகள் விதிகளின்படி படிவம் 15-இல் அதை வைத்திருக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கும் முன், மொத்தப் பக்கங்கள் எத்தனை என்று முதல் பக்கத்தில் சான்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாவட்ட நீதிபதி அதைப் பார்வையிடலாம்.

அன்றன்றைக்கே எழுதுங்கள். வந்தவரின் கையெழுத்தையும் அதில் வாங்குங்கள். முன்தேதியிட்டுச் செருகிய ஒரு வரி, ஒழுங்காக எழுதிய நூறு வரிகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். ஆண்டறிக்கையை ஜனவரி முதல் வாரத்தில் அனுப்பத் தவறாதீர்கள்.

6. இவற்றுக்கு முத்திரை வைக்காதீர்கள்

திருமண, விவாகரத்துப் பத்திரங்களை நிறைவேற்ற நோட்டரிக்கு அதிகாரமில்லை என்று ஒன்றிய சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் மீண்டும் நினைவூட்டியது. நிலத்தைப் பவர் பத்திரம் மூலம் ‘விற்பது’ உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தீர்ப்பளித்தது. கிரயம் என்று வந்தால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

7. பிழை பிறகு தெரியவந்தால்

பழைய ஆவணத்தில் கை வைக்காதீர்கள். புதுப் பிரமாணப் பத்திரம், புதுத் தேதி, புது வரிசை எண். பதிவான பத்திரம் என்றால் பிழைதிருத்தல் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும்.

புகார் வந்தால் பதிவேட்டு நகலுடன் எழுத்தில் பதில் கொடுங்கள். நோட்டரி தன் பணியில் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்தை, அரசு அதிகாரம் அளித்த அதிகாரியின் எழுத்துப் புகார் இல்லாமல் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க நோட்டரிகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. ஆனால் இது சிவில் வழக்கையோ ஒழுங்கீன விசாரணையையோ தடுக்காது. ஒழுங்கீனம் நிரூபணமானால் நோட்டரிகளின் பெயர்ப் பட்டியலிலிருந்து உங்கள் பெயரே நீக்கப்படலாம்.

தெரிந்தவர், அவசரம், கூடுதல் கட்டணம் என்று எந்தக் காரணம் வந்தாலும், ஆளைப் பார்க்காமல் முத்திரையை எடுக்காதீர்கள்.