கவுண்டரில் முதல் நாள்

பரீட்சை எழுதிவிட்டுக் கடைகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நாம் விலையையும் ரகத்தையும் சொல்லிக் கொடுக்கிறோம். கஸ்டமரோடு பேசும் முறையை அவர்களாகவே பழகட்டும் என்று விட்டுவிடுகிறோம். என் கடைக்கு வரும் தம்பிமாருக்கு நான் சொல்வது, முதல் நாளே உங்களுக்கென்று சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

அதில் பிரதானமானது, 'நாளைக்கு வரும்' என்று வாய்க்கு வந்தபடி சொல்லாதிருப்பது. கேகாலையிலிருந்து புறக்கோட்டைக்கு பஸ் ஏறி வந்து, இரண்டாம் முறையும் வெறுங்கையோடு திரும்பும் தாய் உங்களோடு சண்டை பிடிக்கமாட்டார். அடுத்த கடைக்குப் போய்விடுவார். பெருநாள் உடுப்பும் கல்யாணச் சேலையும் இனி அங்கேதான். கேட்ட துணி இல்லையா? முதலாளியிடம் விசாரித்து, பெயரையும் டெலிபோன் இலக்கத்தையும் கொப்பியில் குறியுங்கள். சரக்கு வந்தாலும் வராவிட்டாலும் கோல் எடுத்துச் சொல்லுங்கள்.

பில் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும்; 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கேட்காவிட்டாலும் கொடுங்கள். மாற்ற வரும்போது வாய்த்தர்க்கம் இருக்காது.

முதலாளிமார் அந்தக் கொப்பியை வாரம் ஒருமுறை வாங்கிப் பார்க்கவேண்டும். அடுத்து எந்தச் சரக்கு எடுப்பதென்று அதிலேயே இருக்கும்.