அடம் அல்ல, சுகர்!

டைப்-1 சர்க்கரை நோய் மிட்டாய் தின்று வருவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. ஊசி, மீட்டரோடு குழந்தையின் மனநிலையையும் கவனிக்க வேண்டிய நோய் இது.

1. திடீரென்று அழுகை, அடம், தம்பியை அடிப்பது என்றால், திட்டுவதற்கு முன் விரலைக் குத்திப் பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய பாதி மூளைக்கே போகிறது. குளுக்கோஸ் குறைந்ததும் குணம் மாறிவிடும். வியர்வை, கைநடுக்கம், திருதிரு விழிப்பும் இருந்து, மீட்டர் கைக்கெட்டவில்லை என்றால் உடனே இனிப்பைக் கொடுத்துவிடுங்கள்.

2. 70-க்குக் கீழே இறங்கினால் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரைத் தண்ணீரோதான் சரி. சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சுகர் மெதுவாகத்தான் ஏறும். எத்தனை ஸ்பூன் என்பது எடையைப் பொறுத்தது. டாக்டரிடம் முன்பே கேட்டு டப்பா மூடியில் ஒட்டி வையுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

3. 'லோ' ஆகிவிடுமோ என்ற பயத்தில் சுகரை எப்போதும் ஏற்றியே வைத்திருக்கும் பெற்றோர் உண்டு. அதுவும் கெடுதல். நீண்ட நாள் சுகர் அதிகமாக இருந்த சிறு குழந்தைகளின் மூளையில் சில பகுதிகள் சற்று மெதுவாக வளர்வதை அமெரிக்காவில் எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைப் படித்துவிட்டு 'நம் பிள்ளை மந்தமோ' என்று கலங்க வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே நன்றாகப் படிக்கிறார்கள்.

4. ஸ்கூல் வேன் பெங்களூரு சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டினால்? பையின் முன் ஜிப்பில் குளுக்கோஸ் இருக்கட்டும். டிரைவர், ஆயா, டீச்சர் மூவருக்கும் கன்னடத்தில் ஒரு அட்டை எழுதிக் கொடுங்கள். 'ஷுகர் லோ ஆகிதே' என்று சொல்லக் குழந்தைக்கும் பழக்குங்கள்.

5. பரீட்சைக்குப் போகுமுன் சுகர் பாருங்கள். சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு அறைக்குள் இந்தப் பிள்ளைகள் தின்பண்டம் கொண்டுபோக 2017 முதல் அனுமதி உண்டு.

6. மீட்டர் சரியாகக் காட்டியும் பிள்ளை வாடியே இருந்தால் அது மனசுதான். பள்ளி விட்டு வந்ததும் "சுகர் எவ்வளவு?" என்று கேட்காமல், "இன்னிக்கு யாரோட விளையாடின?" என்று கேளுங்கள். வாட்டம் இரண்டு வாரம் நீடித்தால் நிம்ஹான்ஸ் குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது, தயங்காமல் போங்கள்.

7. மாலையில் ஓடியாடி விளையாடிய நாளில் நள்ளிரவில் சுகர் இறங்கலாம். காலையில் தலைவலி, நனைந்த தலையணை, சிடுசிடுப்பு என்றால் அடுத்த இரவு 3 மணிக்கு ஒருமுறை பார்த்து, அந்த அளவை டாக்டரிடம் காட்டுங்கள்.